அழிக்கச் சொன்ன முகம்

கல்யாணத்துக்குப் போனால் முன்பெல்லாம் மூன்றே வேலைதான். மொய் எழுதுவது, சாப்பிடுவது, தாம்பூலப் பையை மறக்காமல் வாங்கிக்கொண்டு வருவது. இப்போது தாம்பரம் பக்கத்து மண்டபங்களில் நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. முகத்தைக் கொடுப்பது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை நிற்கும். அதை போனில் ஸ்கேன் செய்து ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பினால் போதும், அந்தக் கல்யாணத்தில் நாம் எந்தெந்தப் படத்தில் விழுந்திருக்கிறோமோ அத்தனையும் மறுநாள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். அவ்வளவு பெரிய கூட்டத்தில் நம் மூஞ்சியை மட்டும் பொறுக்கி எடுத்துத் தருகிறான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வாங்கிய மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்கிறான் என்று பாயசம் குடித்துக்கொண்டிருக்கிற யாரும் கேட்பதில்லை.

ஜெய்னப்பும் கேட்கவில்லை. இரும்புலியூரில் வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் அவள். சேலையூரில் நடந்த ஒரு கல்யாண வரவேற்புக்குப் பெண்ணின் ஜாக்கெட், பெண்ணோட அம்மாவின் ஜாக்கெட், அத்தைமார் ஜாக்கெட் எல்லாம் அவள் கைவேலை. பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் அந்தக் கை வேலைப்பாடு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணைச் சிமிட்டச் சொல்லித் திரையில் வந்தது. சிமிட்டினாள்.

மறுநாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது படங்கள் வந்தன. பெண்ணோடு நிற்பது, பந்தியில் உட்கார்ந்திருப்பது, யாரோ ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது. கடைசிப் படத்தில் அவள் இல்லை. கேட்டரிங் தொப்பி போட்ட ஒரு பையன் சாம்பார் வாளியோடு நின்றான்.

ஃபயாஸ். அவள் பெற்ற ஒரே பிள்ளை. வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கிறானா என்றுகூட அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது.

கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து நிற்பது மட்டும் மாறவில்லை. பின்னால் மயில் வைத்த மேடை தெரிந்தது. சேலையூர் மேடையில் மயிலெல்லாம் இல்லை, வெள்ளைப் பூ மட்டும்தான். அப்படியானால் இது வேறு கல்யாணம். படம் அனுப்புகிற ஈவன்ட் கம்பெனிக்காரர்கள், தாங்கள் நடத்திய அத்தனை கல்யாணத்தின் முகங்களையும் கல்யாணம் கல்யாணமாகப் பிரித்து வைக்காமல் ஒரே குடோனில் போட்ட மாதிரி கொட்டி வைத்திருக்கிறார்கள். அவன் தலையில் தொப்பி, இவள் தலையில் துப்பட்டா, இரண்டிலும் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பெற்றபோதே ஆஸ்பத்திரி ஆயா சொன்னாள், அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று. மெஷினும் அதையே சொல்லிவிட்டது.

அவன் ஏன் போனான் என்று கேட்பவர்களிடம் ஜெய்னப், வேலை தேடிப் போயிருக்கிறான் என்பாள். நடந்தது அதுவல்ல. பாலிடெக்னிக்கில் அரியர் விழுந்ததற்கு அவள் திட்டினாள் என்று கோபித்துக்கொண்டு ஒரு நண்பன் வீட்டுக்குப் போனவன் போனை அணைத்துவிட்டான். வயசுப் பையன்கள் எல்லோரும் செய்வதுதான். இவள் உடனே தம்பியைக் கூப்பிட்டாள். தாம்பரத்தில் போன் கவர் விற்கிற அவள் தம்பி அயூப் வந்தான். ஃபயாஸின் போட்டோ, பேர், விலாசம், அவள் நம்பர் எல்லாம் போட்டு, காணவில்லை என்று செய்தி எழுதினான்.

“சும்மா காணோம்னு போட்டா எவனும் ஃபார்வர்டு பண்ண மாட்டான்க்கா. மனநிலை சரியில்லாதவர்னு ஒரு வரி சேத்துக்குவோம். பாவப்பட்டு அனுப்புவாங்க.”

அவள் தயங்கினாள். தயங்கிவிட்டுத் தலையாட்டினாள். அயூப் சொன்னது சரிதான், ஜனங்கள் பாவப்பட்டார்கள். குடியிருப்போர் குரூப், பள்ளிவாசல் குரூப், பழைய மாணவர் குரூப் என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டு நாள் கழித்துப் பையன் தானாகவே வீட்டுக்கு வந்து, பசிக்கிறது என்றான். பையன் திரும்பிவிட்டான், செய்தி திரும்பவில்லை. மாசக்கணக்கில் சுற்றியது. ரயில்வே ஸ்டேஷனில் ஒருவர் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு போன் செய்தார். குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். யாரோ கஸ்டமர் முதலாளியிடம் அந்தச் செய்தியைக் காட்ட, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். தெருப் பையன்கள் மெண்டல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்ட இல்ல? இப்ப எல்லார்கிட்டயும் போய், இல்ல, என் புள்ள நல்லாத்தான் இருக்கான்னு சொல்லு பாப்போம்” என்றான் ஒரு நாள். அடுத்த வாரம் போய்விட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான். இந்தத் தடவை அவள் எந்த குரூப்பிலும் எதையும் போடவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஈவன்ட் கம்பெனி. கல்யாணம், கடைத் திறப்பு விழா, சிறுசேரி ஐடி கம்பெனிகளின் குடும்ப விழா எல்லாம் எடுத்துச் செய்கிறவர்கள். வாசலில் நாளைக்கு எங்கேயோ போகவேண்டிய மயில் ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததுமே ஜெய்னப் போனை எடுத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தாள். மிருதுளா என்கிற பெண்தான் விருந்தினர் தகவலையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள். நல்ல பெண். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“இது உங்க படம் இல்லையே ஆன்ட்டி. உங்களுக்கு வந்திருக்கவே கூடாது.”

“என் பையன்மா. இது எந்தக் கல்யாணம், எந்த கேட்டரிங்னு மட்டும் சொல்லு. நான் போயிடறேன்.”

மிருதுளா உள்ளே போய் முதலாளி ஜெயகிருஷ்ணனிடம் பேசிவிட்டு வந்தாள். ஒருத்தருடைய விவரத்தை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாதாம். சட்டம் வந்திருக்கிறதாம். கம்பெனி எப்போதுமே அதில் ரொம்பக் கண்டிப்பாம். சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கே வெட்கமாக இருந்தது. ஊரார் மூஞ்சியையெல்லாம் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறவர்கள் கண்டிப்பைப் பற்றிப் பேசினால் வெட்கம் வராதா?

“அவரே நேர்ல வந்து கேட்டா குடுத்துடுவோம் ஆன்ட்டி.”

“அவனே வந்தா நான் எதுக்கும்மா உன் முன்னாடி நிக்கப் போறேன்?”

மிருதுளா குனிந்துகொண்டாள். கடைசியில் ஒரு வழி சொன்னாள். கேட்டரிங் மூலமாக ஃபயாஸிடம் தகவல் சொல்கிறாள். அம்மாவிடம் நம்பர் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கிறாள். சரி என்றால் அடுத்த நிமிஷம் கூப்பிடுகிறாள். ஜெய்னப் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே இறங்கும்போது ஸ்வீட் கடையில் நின்று அவனுக்குப் பிடித்த பாதுஷா வாங்கினாள். வாங்கின பிறகுதான் இது பைத்தியக்காரத்தனம் என்று உறைத்தது. இருந்தாலும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தைத்ததெல்லாம் கோணல். அயூப் வந்து படத்தைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். எதற்குக் காத்திருக்க வேண்டும், படத்தை குரூப்பில் போட்டால் மயில் மேடை எந்த மண்டபம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்றான். ஜெய்னப் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். இதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசினால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றாள். அக்கா அப்படிப் பேசி அயூப் கேட்டதே இல்லை.

மிருதுளா கூப்பிட்டபோது, நேரில் வாங்க ஆன்ட்டி என்றாள். நல்ல சேதி என்றால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டாளா என்று ஜெய்னப்புக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு, நல்ல சுடிதாராகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள்.

“பேசினார் ஆன்ட்டி. முதல்ல அவர் கேட்டதே, இந்தப் படம் எந்த குரூப்ல வந்திருக்குன்னுதான்.” மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். “எந்த குரூப்லயும் வரல, உங்கம்மாவுக்கு மட்டும்தான் வந்துச்சுன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

தன் படம் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிட்டான். இனிமேல் எந்தக் கல்யாணத்திலும் தன் முகம் பதிவாகக் கூடாது, மீறினால் புகார் கொடுப்பேன் என்றிருக்கிறான். நம்பர் கொடுக்கச் சம்மதமில்லை. தேடிக்கொண்டு யாரும் வரவும் கூடாது. அன்றைக்கே சம்பளத்தை வாங்கிக்கொண்டு கேட்டரிங்கிலிருந்தும் நின்றுவிட்டானாம். எங்கே போனான் என்று அவர்களுக்கும் தெரியாது. ஆக, இருந்த இடத்திலிருந்தும் அவள் அவனைக் கிளப்பிவிட்டாள்.

வழக்கமாக யாராவது அழிக்கச் சொன்னால், ஆகட்டும் என்று பதில் அனுப்பிவிட்டு அப்படியே வைத்திருப்பதுதான் அந்தக் கம்பெனியின் பழக்கம். இந்தத் தடவை ஜெயகிருஷ்ணன் பயந்துவிட்டார். கலந்து வைத்தது வெளியே வந்தால் சிறுசேரி கம்பெனிக்காரர்கள் விழா கொடுக்கமாட்டார்கள். உட்கார்ந்து முழுசாக அழிக்கச் சொல்லியிருந்தார். ஊரில் எத்தனையோ பேர் கேட்டு நடக்காதது ஃபயாஸ் விஷயத்தில் நடந்தது.

“உங்க போன்ல இருக்கறதையும் அழிக்கணும்னு சொன்னார் ஆன்ட்டி” என்றாள் மிருதுளா, தரையைப் பார்த்துக்கொண்டு. “அது உங்க இஷ்டம். நான் பார்க்க மாட்டேன்.”

ஜெய்னப் படத்தைத் திறந்தாள். சாம்பார் வாளி, தாடி, சாய்ந்த கழுத்து. மூன்று வருஷத்தில் பிள்ளை அவளிடம் கேட்ட ஒரே விஷயம் இதுதான். முன்பு அவன் கேட்டதை அவளால் செய்ய முடியவில்லை. இதையாவது செய்யலாம். மிருதுளாவைப் பார்க்கச் சொல்லி அவள் கண் முன்னாலேயே அழித்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அதற்கும் ஆம் என்றாள்.

“குரல் எப்படிம்மா இருந்துச்சு?”

“சளி பிடிச்ச மாதிரி இருந்தது ஆன்ட்டி.”

“மழையில நனைஞ்சிருப்பான்” என்றாள் ஜெய்னப். அதற்கு மேல் அங்கே அவளால் உட்கார முடியவில்லை.

மழைக்காலம் போய்த் தை பிறந்ததும் சிட்லபாக்கத்தில் இன்னொரு கல்யாணம். அவள் தைத்த ஜாக்கெட்தான், அதே கம்பெனிதான். குரூப் போட்டோவில் முன்வரிசையிலேயே அவளை நிறுத்தியிருந்தார்கள். மேஜையில் அட்டையைப் பார்த்ததும் கை தானாகப் போனை எடுத்தது. சிமிட்டச் சொன்னது, சிமிட்டினாள். மறுநாள், உங்கள் முகத்துக்குப் படம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கல்யாண வீட்டம்மாள்கூட, நீ வந்திருந்தாய்தானே, ஆல்பத்தில் காணோமே என்றாள்.

மிருதுளாவுக்கு போன் செய்தாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மெஷினுக்கு அம்மா முகமும் பிள்ளை முகமும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. அவனை அழிக்கும்போது இவளையும் அழித்துவிட்டது. இனி இவள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இவள் விழுந்த படத்தை எடுத்துத் தள்ளிவிடும்.

“தடையை எடுத்துட்டு உங்களைத் திரும்பச் சேர்த்துடலாம் ஆன்ட்டி. ஆனா உங்களைச் சேர்த்தா அவர் முகமும் உள்ள வந்துடும். அவர் எங்கயாவது கல்யாணத்துல விழுந்தா, உங்களுக்குப் படம் வந்தாலும் வரும்.” அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. “சேர்க்கட்டுமா?”

ஜெய்னப் சுவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்றைக்காவது ஒரு நாள், ஏதோ ஒரு மண்டபத்தின் ஓரத்தில், வாளியோடு அவன் நிற்கிற படம் வரும். இளைத்திருக்கிறானா, தேறியிருக்கிறானா என்று பார்த்துக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. முன்பும் அவனுக்குத் தெரியாமல்தான் செய்தாள்.

“வேணாம்மா. அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மிருதுளா போனை வைக்காமல் இருந்தாள். பிறகு இவள்தான் வைத்தாள்.

அன்று சாயங்காலம் இரும்புலியூர் குடியிருப்போர் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. காணவில்லை. நீலச் சட்டையில் ஃபயாஸ். மனநிலை சரியில்லாதவர். பார்த்தால் கீழ்க்கண்ட எண்ணுக்கு அழைக்கவும், தயவுசெய்து பகிரவும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அவள் தலையாட்டிய அந்த வரியோடு, அவள் நம்பரோடு, யாரோ புதிதாகக் குடிவந்தவர் நல்ல மனசோடு போட்டிருந்தார். இதை அழிக்க எந்த மாடி ஏறுவது, யாரைப் போய்க் கேட்பது?

இது பழைய செய்தி, தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று ஜெய்னப் எழுதினாள். உடனே ஒருவர் கேட்டார், பையன் கிடைத்துவிட்டானா அம்மா? அவள் விரல் நின்றது. இல்லை என்றால் இன்னும் நாலு குரூப்புக்கு அனுப்புவார்கள். கிடைத்துவிட்டான், நன்றாக இருக்கிறான் என்று எழுதினாள்.

கும்பிடும் கைகளும் பூக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று ஒருவர் போட்டார். செய்தியைப் போட்டவர், ரொம்ப சந்தோஷம், எல்லோரும் பார்க்கிற மாதிரி பையனோடு நின்று ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன் என்று கேட்டிருந்தார்.