விருந்தாளிகளுக்காக நிறுத்திய கேஜ்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து கெஸ்ட் ஹவுஸில் டீ ஊற்றுகிற வேலை பாப்பம்மாவுக்கு. வந்திருப்பதோ வெள்ளைக்காரர் ரெண்டு பேர். அவர்கள் சுரங்கத்தில் பணம் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஆட்கள் இறங்குகிற ஷாப்டை மூடிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் புருஷன் காத்தவராயன் அந்த ஷாப்டில்தான் காலை ஷிப்டுக்கு இறங்கியிருந்தான்.

கூட வந்த டெல்லி அதிகாரி அவர்களைச் சம்பந்தி வீட்டாரைத் தாங்குவது போலத் தாங்கினார். அஞ்சு வருஷத்துக்கு வரி கிடையாதாம், மெஷினுக்குச் சுங்கம் கிடையாதாம், லாபத்தை அப்படியே அவர்கள் ஊருக்கு எடுத்துப் போகலாமாம். பட்லர் ஏனோக்தான் அவள் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடேயப்பா, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன்கூட இவ்வளவு இறங்கிப் போகமாட்டான்!

பதினோரு மணிக்குத் தரை குலுங்கியது. மேஜையில் கப்பெல்லாம் கடகடத்தன. சுரங்கத்தில் வைக்கிற வெடிதான் என்று சிரித்தார் அதிகாரி. வெடியாவது, மண்ணாங்கட்டியாவது! ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே ஏறிய பிறகுதான் வெடி வைப்பார்கள். ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறியிருக்கிறது.

பெரிய வெள்ளைக்காரர் அவள் முகத்தையே பார்த்து ஏதோ கேட்டார்.

"பயமா இருக்குதான்னு கேக்கறாரு. இல்லைன்னு சொல்லிடும்மா, ஊர் பொழப்பு," என்று கெஞ்சினார் ஏனோக்.

"இன்னா பயம்? டெய்லி வெக்கற வெடிதானே. எங்க வூட்டுக்காரரு வூட்ல தூங்கறாரு," என்று பல்லைக் காட்டினாள். பாழாய்ப்போன வாய்!

வெள்ளைக்காரருக்குத் திருப்தி. அப்படியானால் இப்பவே இறங்கிப் பார்க்கலாம் என்று எழுந்தார். மறுக்க வழியில்லாமல் அதிகாரி போனை எடுத்தார்.

ஏனோக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "விருந்தாளிங்களுக்காகக் கேஜை மேலயே நிறுத்தி வெக்கச் சொல்றாரு, பாப்பம்மா."

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு அது; அடிபட்டவன் மேலே வருவதற்கும் அதே கேஜ்தான். அவள் கையிலிருந்த கெட்டில் கீழே விழுந்தது.

"கேஜை விடுங்க சாமி! வெடி இல்ல, பாறை வெடிச்சிருக்குது! எம் புருஷன் கீழ இருக்கறான்! நான் சொன்னது பொய்!"

ஏனோக் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் போனைப் பிடுங்கி, கேஜை உடனே இறக்கச் சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போடாமலே பைலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதிகாரி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாப்பம்மா ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்களெல்லாம் ஷாப்ட் வாசலில் கூடி அழுதுகொண்டிருந்தார்கள். ரெண்டாவது கேஜில் காத்தவராயனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வலது கால் நசுங்கியிருந்தது, உயிர் இருந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வெள்ளக்காரங்க கையெழுத்துப் போட்டாங்களா?"

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தவர்களும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"போட்டுட்டாங்க," என்றாள்.

"அப்பாடா!" என்றார்கள் எல்லோரும். பாப்பம்மா அவன் கையை விடாமல் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தாள்.