கோணாத மயில்

1971 டிசம்பர். போர் நடந்துகொண்டிருந்தது. பேருந்துச் சோதனையில் நெசவாளி வீரபத்திரனின் பையில் ஓட்டை குத்திய அட்டைக்கட்டு அகப்பட்டது. எதிரிக்குப் போகும் சங்கேதம் என்று விலங்கு மாட்டி, வீட்டைச் சோதிக்க இழுத்து வந்தார்கள். பக்கத்து இருக்கையில் வந்த வியாபாரியும் சாட்சியாக வந்திருந்தார்.

"இது தறி படிக்கிற எழுத்து சார். நெய்ஞ்சி காட்டறேன்," என்றாள் மனைவி வடிவு.

"அதுக்குள்ள யுத்தமே முடிஞ்சிடும்மா," என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

"மோர் குடிச்சிக்கினு இருங்க, சாயங்காலம் மயிலே வந்துடும்."

சாட்சிக்காரருக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். காமாட்சியை வேண்டிக்கொண்டு, அட்டைகளைத் தறியின்மேல் கோத்து நெய்தாள். வெளிச்சம் சாயுமுன் சரிகையில் மயில் எழுந்தது. கழுத்தில் மட்டும் ஒரு வரி கோணியிருந்தது.

"இந்த ஒரு அட்டை எங்க வீட்டுக்காரர் குத்தினது இல்ல. அவரு மயில் கோணாது!"

அவள் அந்த அட்டையை உருவியதும், நெய்த மயில் மெல்லக் கழுத்தைத் திருப்பி வியாபாரியைப் பார்த்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த அட்டை என்னோடது, சங்கேதம் அதுலதான் இருக்கு. சோதனைக்குப் பயந்து நான்தான் அவர் பையில சொருகினேன். மோர் குடுத்த உங்க முன்னாடி பொய் சொல்ல வரலைம்மா."

விலங்கு கழன்ற கையால் வீரபத்திரன் மயிலைத் தடவினான். கழுத்து நேராகியிருந்தது.

"எழுதிக்குங்க சார்," என்றாள் வடிவு, நிமிர்ந்து நின்று. "இந்த மயிலுக்கு அட்டை குத்தினவர் பேரு வீரபத்திரன்."