விடாமல் திரும்பி வந்த முகவரி

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மூன்று கணினிகள். முன்மேசையில் ஒன்று, லென்ஸ் தேய்க்கும் அறையில் ஒன்று, வீட்டில் ஒன்று. சனிக்கிழமைதோறும் கடைக்காரியின் வீட்டுக்காரர் வீட்டுக் கணினியைக் கடைக்குத் தூக்கிவந்து, மூன்றையும் கம்பி போட்டு இணைத்து, மின்னஞ்சல் முகவரிகளை ஒன்றுசேர்ப்பார். ஒரு முகவரி எதிலாவது ஒன்றில் இருந்தால் போதும், மற்ற இரண்டிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைக்காரிக்கு அதுவே வினையாகப் போயிற்று. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத தம்பியை அவள் மூன்று வருடமாக முன்மேசைக் கணினியிலிருந்து அழித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பார்த்தால், கல்லுப்பிள்ளையார் மாதிரி அங்கேயே இருப்பான். மாதாமாதம் வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடைச் செய்தி அவனுக்கும் போனது. ஒன்றுக்காவது பதில் போட்டானா? மூச்.

போன மாதம், அப்பாவின் நினைவு நாளன்று, வீட்டுக்காரர் வெளியே போன நேரம் பார்த்து மூன்றிலும் ஒரே மூச்சாக அழித்தாள். திங்கட்கிழமை அவன் வரவில்லை. விட்டது சனியன் என்று நிம்மதியாகக் காபி குடித்தாள். அந்த மாதச் செய்தி அவனுக்குப் போகவில்லை.

அப்புறம்தான் கட்டிடத்துக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். புது இடம் ஊரின் மறுகோடியில், போன் நம்பரும் புதிது. வாடிக்கையாளர்களுக்கு இடமாற்ற அறிவிப்பை எழுதி முடித்தவள், அனுப்பாமல் நிறுத்தினாள். என்றைக்காவது மனசு மாறி அவன் வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் அல்லவா நிற்பான்? அவன் போன் நம்பரை மாற்றியே இரண்டு வருடம் ஆகிறது. அனுப்பிய பழைய மின்னஞ்சல்களைத் துழாவினாள். 'எல்லாரும்' என்ற குழுப்பெயர்தான் இருந்தது, முகவரி இல்லை. கோபம் இருந்தால் என்ன, கூடப் பிறந்தவன் இல்லையா?

வீட்டுக்காரரிடம் மென்று முழுங்கிச் சொன்னாள். அவர் திட்டவில்லை. அலமாரிக்கு அடியில் திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தது. அதில் எதையும் படிக்க முடியாது. கம்பியை மாட்டினால் தன் பட்டியல் மொத்தத்தையும் மற்றவற்றில் கொட்டிவிடும், செத்த முகவரியெல்லாம் எழுந்து வரும் என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"கொட்டினா கொட்டட்டுங்க. மாட்டுங்க."

நானூறு முகவரிகள் வந்து விழுந்தன. மூடிப்போன பள்ளிக்கூடம், ஃபிரேமுக்கு அளவு கொடுத்துவிட்டு ஓடிப்போன ஆசாமி, எல்லாரும் வந்தார்கள். அப்பாவும் வந்தார். அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாலு திரை கீழே தம்பி இருந்தான். அவனுக்கு அறிவிப்பை அனுப்பி, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'எப்ப வந்தாலும் நேரா இங்க வா.'

அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

'அக்கா, இந்த முகவரிய நான் வேற எதுக்கும் வச்சுக்கல. உன் கடைச் செய்தி வரும்னுதான் மூடாம வச்சிருந்தேன். போன மாசம் வரல. நீ என்னைத் தலைமுழுகிட்டேன்னு நினைச்சேன். அப்பா விஷயத்துல நான் பண்ணது தப்புதான். ஞாயித்துக்கிழமை வரேன்.'

அவள் மூன்று முறை படித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் செத்த முகவரிகளைக் களையெடுக்க உட்கார்ந்து, எதையெல்லாம் அழிக்கலாம் என்று கேட்டார்.

"எதை வேணா அழிங்க. அப்பாவையும் தம்பியையும் தொட்டீங்க, அவ்வளவுதான்."