காதில் விட்ட தண்ணீர்

தண்ணீர் அதன் முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் வழிகிறது, கறுப்பு மயிர் நனைந்து இன்னும் கறுத்துப்போகிறது, மஞ்சள் கரைத்த தண்ணீர் என்பது வயிற்றோரம் சொட்டும்போது மட்டும்தான் தெரிகிறது, கிடாய் அசையாமல் நிற்கிறது, கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைக் கடிக்கப் பார்க்கிறது, எட்டவில்லை, மறுபடி பார்க்கிறது, சுற்றி நிற்கிற எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது உடம்பைச் சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம், சிலுப்பாதவரை அரிவாளைத் தொடக் கூடாது, எங்கள் குலசாமி கோயிலில் அதுதான் வழக்கம். கயிறு என் கையில் இருக்கிறது, ஏனென்றால் அது என் கிடாய், வளர்த்ததால் அல்ல, எனக்காக நேர்ந்ததால், டைபாய்டு வந்து நான் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே, எம்மகளைக் குடுத்துரு ஆத்தா, உனக்குக் கறுப்புக் கிடாய் வெட்டுறேன் என்று வேண்டிக்கொண்டாள், ஆத்தா என்னைக் கொடுத்துவிட்டாள், இப்போது அம்மா தன் பங்கைக் கொடுக்க வேண்டும். பெரியப்பா சன்னாசி சொம்பைச் சாய்க்கிறார், சிலுப்பும் சிலுப்பும், அவசரப்படாதீக என்கிறார், வெயில் ஏறுகிறது, அண்டாவில் சோறு வெந்து மூடிவைத்தாயிற்று, பிள்ளைகள் பசியில் சிணுங்குகின்றன, மறுபடி தண்ணீர், மறுபடி அசையாமல் அது.

எல்லோரும் காத்திருக்க ஒருவர் மட்டும் அசையாமல் நிற்பது எனக்குத் தெரியும், எட்டாம் வகுப்பில் தமிழ் டீச்சர் என்னை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்வார், புத்தகம் கையில் இருக்கும், எழுத்தெல்லாம் தெரியும், முதல் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், வகுப்பு முழுவதும் என் வாயைப் பார்க்கும், வாசிம்மா, வாசி, டீச்சர் கோபப்படக்கூட மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம், மின்விசிறி கடகடவென்று சுற்றும், பின்பெஞ்சில் ஒருத்தி சிரிப்பாள், அப்புறம் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போன பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, யாரும் பெரிதாகக் கட்டாயப்படுத்தவும் இல்லை, பிள்ளை பிழைத்துக் கிடக்கிறதே போதும் என்றார்கள், வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டத் தொடங்கினேன், சாத்தூரில் அந்த வேலைக்கு வாய் வேண்டியதில்லை, விரல் போதும். சில சமயம் கனவில் அந்த வகுப்பறைதான் வருகிறது, என் இடத்தில் கிடாய் நிற்கிறது, ஈரம் சொட்டச் சொட்ட, வாசிம்மா வாசி என்கிறார் டீச்சர், அது செவ்வந்தியைப் பார்க்கிறது.

பெரியப்பா குனிந்தார், தடவிக் கொடுப்பவர்போல அதன் தலையைப் பிடித்தார், கட்டைவிரலால் காதை மடக்கிச் சொம்பின் வாயை உள்ளே வைத்துச் சாய்த்தார், கயிற்றைப் பிடித்து ஒட்டி நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது, கிடாய் தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது, மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் அடித்தது, பெண்கள் குலவை போட்டார்கள், உத்தரவாயிருச்சு, உத்தரவாயிருச்சு. காதில் தண்ணீர் போனால் யாருக்கும் உடம்பு உதறும், அது சம்மதம் சொன்னதாகாது, இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், வார்த்தை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது, கயிற்றை என் கையிலிருந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

யாருக்காக நேர்ந்ததோ அவர்தான் முதலில் சுட்ட ஈரலைத் தின்ன வேண்டும், அதற்கப்புறம்தான் பந்தி, என் இலையில் ஈரல் வந்தது, எல்லோரும் மறுபடியும் காத்திருந்தார்கள், பிள்ள வெக்கப்படுது, நீயே ஊட்டி விடு தாயி என்றார் பெரியப்பா, அம்மா ஊட்டினாள், கண்ணில் தண்ணீர் நிற்க ஊட்டினாள், நான் விழுங்கினேன். பொய் சொல்லக் கூடாது, ருசியாகத்தான் இருந்தது, உப்பும் மிளகும் புகையும் சேர்ந்து, இன்னும் நாக்குக்கு ஞாபகமிருக்கிறது, ருசி இல்லை என்பதற்காக நான் கறியை விடவில்லை, அதுவே கடைசி என்று அப்போது எனக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கறுப்புக் கவரில் கறி வாங்கி வருகிறார், நல்லி எலும்பா பாத்துப் போடச் சொன்னேன், பிள்ளைக்கு உடம்பு தேறணும் என்கிறார், அம்மா மசாலா அரைக்கிறாள், வீடு முழுவதும் வாசம், தட்டில் குழம்பை ஊற்ற வரும்போது நான் கையை வைத்து மறைக்கிறேன், வேண்டாம்மா, அவ்வளவுதான் வந்தது, அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ச்சல் இல்லை. பிறகு வந்த ஞாயிறுகளிலும் கையை வைத்து மறைத்தேன், அக்கா செல்வராணி, மாமி வர்றாங்க, கருவாட்டுச் சட்டியத் தள்ளி வைங்க என்று கிண்டல் செய்தாள், அப்பா சிரித்தார், விடுங்க, அவ பங்கு எனக்கு என்றார், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆத்தா குடுத்த உசுருடி, அவ சோத்த வேண்டாங்குறியே, அவளுக்குக் கோவம் வந்தா நான் எங்க போவேன், என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள், நான் தும்மினால் அவள் கை நின்றுபோகும், வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்தால் திருநீற்றைத் தேடி ஓடுவாள். கறி வேண்டாம் என்பது எனக்குக் கஷ்டமே இல்லை, அம்மாவின் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம், ஒரு வாய் தின்றால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள், எத்தனையோ தடவை தின்றுவிடலாமா என்று நினைத்தேன், நினைக்கும்போதே மடங்கிய அந்தக் காது வந்துவிடும்.

அடுத்த தெருவில் கறி சமைக்காத வாத்தியார் வீட்டுக் கோமதி அக்காவிடம் ஒட்டிய பெட்டிகளுக்குச் சாக்கு கேட்கப் போனேன், நான் கறியை விட்ட விஷயம் அவர்களுக்கும் போயிருந்தது, பரவாயில்லையே, சுத்தமா மாறிட்டியே என்று முதல்முறையாக உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை, அயிரை மீனை உப்புப் போட்டு உரசி உரசிக் கழுவும் அம்மாவின் கை ஞாபகம் வந்தது, அந்தக் கைதான் காய்ச்சலில் என் பீயும் மூத்திரமும் அள்ளியது, அதில் என்ன அழுக்கைக் கண்டார்கள், நான் எங்கிருந்தும் எங்கேயும் மாறிப்போகவில்லை, ஒரு காதைப் பார்த்தேன், அவ்வளவுதான். சாக்கை வாங்காமலே வந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் அம்மா மிளகு ரசம் வைத்தாள், சளிக்கு நல்லது குடி என்றாள், ஒரு வாய் குடித்ததும் தெரிந்தது, ரசத்தின் மேல் சின்னச் சின்ன வட்டங்களாக நெய்போல மிதந்தது நெய்யல்ல, எலும்பை வேகவைத்து வடிகட்டி ஊற்றியிருக்கிறாள், நிமிர்ந்து பார்த்தேன், அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குப் பெரியப்பா கிடாயின் முதுகைப் பார்த்த மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை. டம்ளரை அவள் கையில் கொடுத்தேன், காதுல தண்ணி விடாதம்மா என்றேன். என்னடி சொல்ற என்றாள், அப்போதுதான் பெரியப்பாவின் கட்டைவிரலை, சொம்பின் வாயை, எல்லாவற்றையும் சொன்னேன், அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் நான் பேசியதே இல்லை, அம்மா அந்த ரசத்தைத் தானே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த ஞாயிறு அதே மசாலாவை அரைத்து, அதே சோம்பும் கசகசாவும் தேங்காயும் வைத்து அரைத்து, மொச்சையைப் போட்டு எனக்குத் தனிச்சட்டியில் வைத்தாள், வாசம் அப்படியே இருந்தது, நான் இத்தனை நாள் ஏங்கியது அம்மாவின் மசாலாவுக்குத்தான் என்று அன்றைக்குப் புரிந்தது, மூன்று கரண்டி கேட்டு வாங்கினேன், செல்வராணி என் சட்டியில் கைவிட்டாள், மாமி சோறு நல்லாத்தான் இருக்கு என்றாள். அம்மா சிரித்தாள், ஆனாலும் பயம் போகவில்லை, பயம் அப்படிப் போய்விடாது.

இன்றைக்கு மறுபடியும் அதே கோயில், இந்த வருஷம் கிடாய் இல்லை, பொங்கல் மட்டும், அம்மா என்னைக் கிணற்றடியில் குளிக்கவைத்து ஈரத்தோடு சன்னதி முன்னால் நிறுத்துகிறாள், பெரியப்பாவிடம் சொம்பைக் கொடுக்கிறாள், மச்சான், ஆத்தாகிட்டயே கேட்டுருவோம், இவ கறி திங்காம இருக்கலாம்னா சிலுப்பட்டும், எனக்கு அது போதும், நான் நிம்மதியாப் போயிருவேன். செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், பெரியப்பா சிரிக்கவில்லை, சொம்பைச் சாய்க்கிறார், மஞ்சள் தண்ணீர் உச்சியில் விழுந்து கழுத்தில் இறங்குகிறது, பாவாடை காலோடு ஒட்டுகிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், வகுப்பும் காத்திருக்கிறது, மின்விசிறி எங்கேயோ கடகடக்கிறது, தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், அம்மாவுக்கு நிம்மதி, எனக்கும் வேலை முடிந்தது. நான் ஆட்டவில்லை. மறுபடி தண்ணீர். வார்த்தை தொண்டைக்கு வருகிறது, இந்தத் தடவை உட்காரவில்லை.

நான் சிலுப்ப மாட்டேன்மா, அதுக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு. எனக்குக் கறி வேண்டாம். ஆத்தா கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும், உங்கிட்ட வர மாட்டா.

என் குரல் மண்டபத்தில் முட்டித் திரும்பி வருகிறது, இவ்வளவு பெரிதாக இருக்குமென்று நினைக்கவில்லை. பெரியப்பா சொம்பைக் கீழே வைக்கிறார், என்னை நேராகப் பார்க்க முடியாமல் சன்னதியைப் பார்க்கிறார், பிள்ள சொல்லிருச்சே தாயி, இதுக்கு மேல என்ன உத்தரவு என்கிறார். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வருகிறாள், நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, துடைக்க மட்டும் செய்கிறாள். காதுக்குள் ஒரு சொட்டு இறங்குகிறது, குளிர்ந்து, கூசி, உடம்பு முழுவதும் உதறத் துடிக்கிறது, இப்படித்தான் இருந்திருக்கும் அதற்கு, நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறேன், அவசரமில்லாமல், யாரையும் பார்க்காமல், அந்தத் தண்ணீரை மெல்ல வெளியே விடுகிறேன்.