பதினெட்டே முக்கால்

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

வகுப்புக்குக் கொடுத்த தோல் அளவுகளைக் கம்ப்யூட்டரில் தவறாகத் தட்டியிருக்கிறேன். சின்னத் தவறுதான் என்று சாயங்காலம் வரை நினைத்தேன்.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் குடோனில் ஒவ்வொரு தோலின் பின்புறமும் அதன் சதுர அடி எழுதியிருக்கும். பெரிதாகப் பதினெட்டு, ஓரத்தில் சிறிதாக மூன்று என்றால் பதினெட்டே முக்கால். சின்ன எண் கால் அடிக் கணக்கு. வேலூரில் எங்களுக்கு மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் ஜெயசீலன் சார், மொத்தப் பரப்பைக் கூட்டும் புரோகிராமுக்கு நிஜ அளவுகள் கேட்டார். பதினெட்டே முக்காலை 18.3 என்று டைப் செய்து கொடுத்தேன். குடோனில் அப்படித்தான் தட்டுவோம். விளக்கம் எழுத மறந்துவிட்டேன்.

வகுப்பில் எல்லோரும் கேள்வியை ஏஐயிடம் போட்டார்கள். நானும்தான். அது தசமமாகக் கூட்டியது, நான் சரிபார்க்கவில்லை. அம்பரீன் மட்டும் புரோகிராமைத் தானே எழுதினாள். இன்று சார் விடைகளை ஒப்பிட்டார்.

"இன்னாம்மா, கிளாஸுக்கே ஒரே விடை. உனக்கு மட்டும் ஜாஸ்தி வருது?"

"சார், ஒரு தோல்லகூட புள்ளிக்கு அப்புறம் நாலு வரல. மூணோட நின்னுடுது. அது கால் கணக்கு சார்."

"ஏஐக்கே தெரியாதது மேடத்துக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றான் என் பக்கத்தில் இருந்த சமீருல்லா. எல்லோரும் சிரித்தார்கள். சார் அவளுக்குப் பூஜ்யம் போட்டார்.

இதில் தேறாவிட்டால் அவள் பரீட்சை எழுத முடியாது. அரியர் விழுந்தால் படிப்பு நின்றுவிடும் என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்புகிறார்கள். எனக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "பரணி, நீ தோல் குடோன்லதான இருக்க? ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

"சொன்னா எல்லாருக்கும் மார்க் போய்டும்."

"இப்ப எனக்கு மட்டும் போச்சு. அது பரவால்லியா?"

பேருந்தில் அதே அளவுகளை ஏஐயிடம் மறுபடி கொடுத்து, சின்ன எண் கால் அடி என்று ஒரு வரி சேர்த்தேன். உடனே அம்பரீனின் விடை வந்தது. முன்பு தவறாகக் கூட்டியதற்கு வருந்துவதாகவும் எழுதியது. அதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை.

நாளை: சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு தோலின் பின்புறத்தைப் படமெடுக்க வேண்டும். வகுப்பு தொடங்குமுன் சாரிடம் காட்டி, அளவைத் தப்பாகக் கொடுத்தது நான் என்று சொல்ல வேண்டும். சமீருல்லா பக்கத்தில் உட்காரக் கூடாது.