இன்னாசிக்கு ஒரு முடிவு

சிக்கல் என்ற ஊரில் பிறந்து இராமநாதபுரத்தில் குடியேறிய பூமிநாதன் கவிதையும் எழுதுவார், கதையும் எழுதுவார். ஆனால் ஊர் அவரை நாடகக்காரர் என்றே அழைத்தது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. கவிதைக்குக் கைதட்ட ஆளில்லை. கதையைப் படித்தவர் யாரென்று எழுதியவருக்குத் தெரிவதில்லை. நாடகம் ஒன்றுதான் எழுதியவரைக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் அமர்த்தி, பிறர் அழுவதைக் கண்ணாரக் காணவைக்கிறது. அந்த ருசி பொல்லாதது.

தங்கச்சிமடத்துப் பிரிஜித்தாளின் கணவன் இன்னாசி நாட்டுப்படகில் தனியே கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. படகு ஒதுங்கியது, உடல் கிடைக்கவில்லை. எதிர்க்கரையில் ஏதோ ஒரு சிறையில் இருப்பான் என்று மூன்று ஆண்டுகளாக அவள் நம்பியிருந்தாள். பூமிநாதன் தேடிப்போய்க் கேட்டபோது எதையும் மறைக்கவில்லை.

“எழுதுங்க சார். படிக்கிறவுக யாராச்சும் அவரை எங்கனயாவது பாத்திருந்தா சொல்லுவாகள்ல?”

முதலில் கவிதை எழுதினார். அதில் இன்னாசி கரைக்கும் அலைக்கும் நடுவே எங்கோ இருந்தான். கவிதைக்கு அது போதும். பிறகு சிறுகதை எழுதினார். அதில் மனைவி கடைசி வரி வரை காத்திருந்தாள், பத்திரிகை பரிசளித்தது. நாடகமாக்கியபோதுதான் இடித்தது. வரவேண்டியவன் வராமலே போனால் பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே இன்னாசிக்குச் சூசை என்று பெயர் மாற்றி, மூன்றாம் காட்சியில் பிணமாகக் கரைசேர்த்து, நான்காம் காட்சியில் அடக்கம் செய்தார்.

அந்த நாடகத்தைத்தான் தங்கச்சிமடத்தார் தங்கள் கோயில் திருவிழாவுக்குக் கேட்டார்கள். செய்தி அறிந்த பிரிஜித்தாள், ஒத்திகை நடந்த கொட்டகைக்கே பேருந்தேறி வந்துவிட்டாள்.

“செத்துருவாரா சார்?”

“அது சூசைம்மா. உங்க வீட்டுக்காரர் இல்லை.”

சூசையாக நடித்த மலையாண்டி சும்மா இருக்கவில்லை. “அக்கா, நான் இதுவரைக்கும் எட்டு ஊர்ல செத்திருக்கேன். மறுநா காலையில ஒழுங்கா இட்லி தின்னிருக்கேன். பயப்படாதீக.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது.

“சாகட்டும் சார், நாடகந்தான. அந்த அடக்கச் செபத்த மட்டும் எடுத்துருங்க. சாமியாரு சாவுப்பூசை வைக்கவான்னு கேட்டப்பயே மாட்டேன்னுட்டேன். உடம்பு வரலயே! எங்க சனம் அந்தச் செபத்தக் கேட்டா வாய மூடிக்கிட்டு இருக்காது.”

“பாப்போம்மா. மாத்திரலாம்.”

மாற்றவில்லை. எடுத்துப் பார்த்தார், காட்சி உப்பில்லாக் கஞ்சியாயிற்று. மாரியம்மனையும் அய்யனாரையும் கும்பிட்டு வளர்ந்த அவருக்கு அந்தச் செபம் நல்லதொரு வசனம், அவ்வளவே. திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

திருவிழா அன்று மாலைப் பூசை முடிந்ததும் நாடகம் தொடங்கியது. பிரிஜித்தாள் பெண்கள் வரிசையில் நடுவில் இருந்தாள். நான்காம் காட்சியில் சூசையைக் கிடத்தினார்கள். கோயிலில் செபம் சொல்லும் உபதேசியாராக வேடமிட்டவன் சிலுவையை உயர்த்திக் கணீரென்று சொன்னான்:

“நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும், ஆண்டவரே!”

மேடையில் இருந்தவர்கள் வாய் திறக்குமுன் மைதானம் பதில் சொன்னது.

“முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக!”

பூமிநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது ஆண்டு நாடக வாழ்வில் இப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை என்று நினைத்தார். ஆண்கள் எழுந்து நின்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவரின் குரல் வந்தது: “நம்ம இன்னாசிக்காக ஒரு பரலோக மந்திரம்!” அந்தச் சனம் இன்னாசிக்காகச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்திருந்த செபத்தை ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கியது. நடிகர்கள் திகைத்து நின்றார்கள். பிணமாகக் கிடந்த மலையாண்டி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

“நிறுத்துங்க!” என்று பிரிஜித்தாள் கத்தினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் கத்தியது அவர்களுக்கு ஒப்பாரியாகவே கேட்டது.

நாடகம் அத்தோடு நின்றது. பெண்கள் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பூமிநாதன் அவள் வீட்டுக்கு ஓடினார். அதற்குள் முற்றத்தில் செருப்புகள் குவிந்திருந்தன. பிரிஜித்தாள் அடுப்பின் முன் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அண்டை வீட்டு எஸ்தாக்கியம்மாள் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

“சாவு வீட்டுல அடுப்பு பத்தவைக்கக் கூடாதுத்தா. எங்க வீட்டுலருந்து காப்பி வந்திருக்கு, குடி. நாளைக்குப் பூசைக்கும் சொல்லியாச்சு.”

“யாரு செத்தா? யாரு பாத்தீக?”

“இம்புட்டுச் சனமும் வேண்டிருச்சே. அதை எப்படித்தா திருப்பி வாங்குறது?”

பிரிஜித்தாள் நிமிர்ந்து, வாசலில் நின்றவரைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க சார். எழுதுனவுக நீங்கதான. இது சாவு வீடா?”

“இல்லம்மா,” என்றார் பூமிநாதன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “இல்லை. அது நான் கட்டிய கதை. இன்னாசி இறந்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். எஸ்தாக்கியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“பாவம், எழுதுன மனுசனுக்கே மனசு ஆற மாட்டேங்குது,” என்றாள். “உள்ள வாங்க சார். துக்கத்துக்கு வந்தவுக வாசல்ல நிக்கக் கூடாது.”

யாரோ நகர்ந்து பாயில் இடம் விட்டார்கள். யாரோ அவர் கையில் காப்பித் தம்ளரைத் திணித்தார்கள். பிரிஜித்தாளின் கையிலிருந்த தீப்பெட்டியை எஸ்தாக்கியம்மாள் மெதுவாக வாங்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.