பிறந்தப்பவே இருந்துச்சு

சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன கிளினிக்கில், காயத்துக்கு மருந்து போடும் அறை அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே கட்டு அவிழ்ப்பதும், சீழ் எடுப்பதும், தையல் பிரிப்பதும் அவள்தான். கை பட்டதே தெரியாது என்று பேர் வாங்கியிருந்தாள். 'நோகாத கை அக்கா இருக்காங்களா?' என்று வாசலிலேயே கேட்டுவிட்டு, இல்லையென்றால் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஒரு தடவை கசாப்புக் கடைக்காரர் ஒருவர், உட்கார முடியாத இடத்தில் கட்டியோடு வந்து, கத்தியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்று அவர் கேட்டபோது அவள் வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் மகளைச் சிரிக்க வைப்பாள்.

மகள் சிரிப்பது குறைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்லூரியில் கைப்பந்து விளையாடியபோது, எம்பி அடித்த வேகத்தில் சட்டைக்குள்ளிருந்த பஞ்சுப் பொதி நழுவித் தரையில் விழுந்தது. அவளுக்கு ஒரு பக்க மார்பு எல்லோரையும்போல வளர்ந்திருந்தது. இடது பக்கம் வளரவே இல்லை. விழுந்ததை யாரோ ஒருத்தி எடுத்து நீட்டினாள். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குப் பேர் 'ஒத்தை'. அதற்குப் பிறகு பந்தும் இல்லை, தோழிகளும் இல்லை. எங்கே போனாலும் ஒரு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாள்.

பத்தொன்பது முடிந்ததும் அவளே கேட்டாள். "ஆபரேஷன் இருக்காமேம்மா. போய்ப் பார்க்கலாமா?"

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் செய்யும் பிரிவுக்கு ஒரு பெண் டாக்டர். அவசரப்படாத மனுஷி. திரைக்குப் பின்னால் மகளைச் சோதித்துவிட்டு, ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார்.

"மூணு வழி இருக்கும்மா. பெரிசைக் குறைக்கறது ஒண்ணு. சின்னதைப் பெரிசாக்கறது ஒண்ணு. ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் செஞ்சு கிட்டக் கொண்டு வர்றது மூணாவது. உனக்கு இடது பக்கம் தோலே பத்தாது. முதல்ல காலிப் பை ஒண்ணை உள்ள வெச்சு, வாரா வாரம் ஊசியால உப்புத் தண்ணி ஏத்தி, தோலை விரிக்கணும். அப்புறம் அதை எடுத்துட்டு சிலிக்கான் பை. அதுவும் ஆயுசுக்கும் வராது, மாத்த வேண்டி வரலாம். இல்லேன்னா வயித்துலயிருந்து கொழுப்பை எடுத்து ஊசியால வைக்கலாம். வெச்சதுல பாதி கரைஞ்சு போகும். ரெண்டு மூணு தடவை செய்யணும்."

"ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுமா?" என்றாள் மகள்.

"நூல் பிடிச்ச மாதிரி வராது. துணி போட்டா தெரியாது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பேனாவை மூடப் போன டாக்டர் நிமிர்ந்தார். "காம்புக்குக் கீழ ஒரு சின்னத் தழும்பு இருக்கே, அது என்ன?"

"அது மச்சம் மாதிரி, பிறவியிலேயே. அம்மா சொல்லியிருக்காங்க."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறேன்னா, பிறந்த குழந்தைங்களுக்குச் சில சமயம் மார்பு வீங்கும். தாயோட உடம்புலேர்ந்து வர்றது, தானா வத்திடும். அதைப் பிதுக்கி விட்டுட்டா சீழ் கட்டும். அந்த இடத்துல கீறினா, வளர வேண்டிய மொட்டே போயிடும். அப்படி ஏதாவது நடந்துச்சா?"

அம்மாவின் வாய் தானாகத் திறந்து தானாகப் பேசியது.

"இல்ல டாக்டர். பிறந்தப்பவே இருந்துச்சு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

நடந்தது இதுதான். குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள், இடது மார்பு சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியிருந்ததை அவள் பார்த்தாள். தொட்டதும் ஒரு சொட்டுப் பால் வந்தது. உள்ளே தேங்கக் கூடாது என்று பிதுக்கி விட்டாள். பன்னிரண்டாம் நாள் அது சிவந்து கனன்றது. கணவர் லாரி ஓட்டுகிறவர், ஊரில் இல்லை. கிளினிக் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். எத்தனை பேர் கட்டியை நான் கீறியிருக்கிறேன், என் பிள்ளைக்கு நான் செய்ய மாட்டேனா என்று தோன்றிவிட்டது. பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். ஒரே கீறல். சீழ் வந்தது, ஜுரம் இறங்கியது, ஒரு வாரத்தில் ஆறியும் போனது. தழும்பு பெரிதாகத் தெரியாமல் எப்படி ஆற்றினேன் பார் என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. கணவர் வந்ததும் சொல்ல நினைத்து, திட்டுவாரே என்று மச்சம் என்றாள். பிறகு மகளுக்கும் அதே பதில். நாளாக ஆக, அவளுக்கே அது மச்சம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். "துணி போட்டா தெரியாதாம்மா" என்று இரண்டு முறை சொன்னாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவள் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. காலிப் பையை வைத்துத் தைத்தார்கள். முதல் வாரம் உப்புத் தண்ணீர் ஏற்றியபோது மகள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் கட்டு மாற்றியது அம்மாதான். இரண்டாம் வாரமும் சரியாகப் போனது. மூன்றாம் வாரம் தையலோரம் ஒரு சிவப்பு. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரலின் பின்புறத்தை வைத்துப் பார்த்தாள், கொதித்தது.

மறுநாளே பையை எடுத்துவிட்டார்கள். டாக்டர் அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உள்ள தோல் தசையோட ஒட்டிப் போயிருந்துச்சு. ரத்த ஓட்டமும் கம்மி. முதல் தடவை திறந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான். அது மச்சம் இல்லம்மா. ஆழமாப் புண்ணாகி ஆறின இடம்."

அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டை நான்காக மடித்தாள்.

"தெரிஞ்சிருந்தா முதல்ல கொழுப்பு வெச்சு அந்த இடத்தை இளக்கியிருப்பேன். பையை அப்புறம் பார்த்திருக்கலாம். அப்படிச் செஞ்சிருந்தாலும் இது வந்திருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நான் கேட்டேன்."

"கேட்டீங்க" என்றாள் அவள்.

வார்டில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பிதுக்கியது, கீறியது, மச்சம் என்றது, டாக்டரிடம் சொன்னது. அழாமல் சொன்னாள். அழுதால் மகள் சமாதானப்படுத்த வேண்டி வருமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மகள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "நான் அழுதேனா?" என்றாள்.

"ரொம்ப அழுதே."

"நீ?"

"இல்ல. நல்லாக் கீறிட்டேன்னு நினைச்சேன்."

"அன்னிக்குத் தெரியாமத்தான செஞ்சே?"

"ஆமா."

"டாக்டர் கேட்டப்போ தெரிஞ்சுதான சொன்னே?"

சாயங்காலம் கட்டு மாற்ற அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது, மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "நர்ஸ் வரட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த மகள் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அத்தை வீட்டிலிருந்து கல்லூரி பக்கம் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். கணவருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கத்தவில்லை. லாரியைத் துடைத்துக்கொண்டே, "பன்னெண்டு நாள் குழந்தைடி" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு.

ஆறு மாதம் பொறுத்துத்தான் அந்த இடத்தில் மறுபடி கை வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாம் மாதம் மகள் தனியாகப் போய்ப் பேசி முடிவெடுத்துவிட்டாள். பையும் வேண்டாம், கொழுப்பும் வேண்டாம். வளர்ந்த பக்கத்தைக் குறைத்துவிடுங்கள் என்றாளாம். பின்னால் பால் கொடுக்க முடியாமல் போகலாம் என்று டாக்டர் இரண்டு தடவை எச்சரித்தும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கணவர் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். நல்லா இருந்த ஒண்ணையும் வெட்டச் சொல்லிட்டாளா என்று அவள் வாய்வரை வந்தது. மென்று விழுங்கினாள்.

ஆபரேஷன் நாளன்று கூப்பிடாமலே போய் வராந்தாவில் நின்றாள். கதவு திறந்து நர்ஸ், "பேஷண்ட்கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டபோது, நாற்காலியிலிருந்து எழுந்தது நாத்தனார். உள்ளே போகுமுன் நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டு, "அவ சொல்லிட்டா அண்ணி. நான் என்ன பண்ண?" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

மகள் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருகிறாள். சமம் என்று சொல்ல முடியாது. சட்டை போட்டால் உற்றுப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். சாப்பிடுகிறாள், அப்பாவோடு பேசுகிறாள், அம்மா கேட்டால் பதில் சொல்கிறாள். "வலி இருக்கா?" "இல்ல." "தூக்கம் வருதா?" "வருது." குளித்துவிட்டுத் துணி மாற்றும்போது கதவைத் தாழ்ப்பாள் போடுகிறாள். முன்பெல்லாம் போட மாட்டாள்.

கிளினிக்கில் அவள் டோக்கன் கொடுக்கும் மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கிளினிக் டாக்டர் கேட்டபோது, கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். அவர் நம்பிவிட்டார். பழைய ஆட்கள் வந்து, "நீங்களே போட்டு விடுங்களேன்கா" என்று கெஞ்சுகிறார்கள். அவள் எண்ணை எழுதிக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புகிறாள். மருந்து போடும் அறையில் இப்போது புதிதாக ஒரு பெண் இருக்கிறாள். சின்னப் பெண்தான், கை கொஞ்சம் முரடு. உள்ளேயிருந்து அவ்வப்போது யாராவது வலியில் கத்துவது மேசைவரை கேட்கும். அவள் அடுத்த எண்ணைக் கூப்பிடுவாள்.